தமுக்கத்துக்கு வந்த காம்யு

2023ஆம் ஆண்டு தில்லி உலகப் புத்தகக் கண்காட்சியின் சிறப்பு விருந்தினர் நாடு பிரான்ஸ். அதற்கு முந்தைய ஆண்டு நோபல் பரிசு பெற்ற அனி எர்னோ நேரில் வந்திருந்தார். மதுரையிலிருக்கும் நாங்கள் அதைச் செய்தித்தாளில் படித்ததோடு சரி.

பிரெஞ்சு இலக்கியம் எங்களிடம் விழாவாக வந்ததில்லை. தமுக்கம் மைதானத்துக் கண்காட்சியில் வாங்கிய தமிழ்ப் புத்தகமாகவே வந்தது. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே மொழிபெயர்க்க, க்ரியா 1980இல் வெளியிட்ட ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்'தான் எங்களில் பலருக்கு முதல் வாசல். அல்ஜீரியக் கடற்கரையின் வெயில் ஒரு கொலைக்குக் காரணமாக முடியுமா என்று வைகைக் கரையில் நள்ளிரவுவரை வாதிட்டிருக்கிறோம். (சித்திரை வெயிலில் மாசி வீதிகளைச் சுற்றியவர்களுக்கு அது வெறும் தத்துவச் சிக்கல் அல்ல.) ஆங்கிலம் வழியாக வந்த வேறு சில மொழிபெயர்ப்புகளில் அந்த வெயில் சுடவில்லை என்பது எங்கள் எண்ணம்.

ஸ்ரீராமுக்குப் பிரெஞ்சு அரசு செவாலியே விருது அளித்தது. இங்கோ, மொழிபெயர்த்தவரின் பெயரை முன்னட்டையில் அச்சிடத் தயங்கும் பதிப்பகங்கள் இன்றும் உள்ளன. அடுத்த தமுக்கம் கண்காட்சியில் ஒரு மாலையை மொழிபெயர்ப்பாளர்களுக்கென ஒதுக்குமாறு கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.