முள்ளை முள்ளால்

நண்பனின் பழைய ராஜ்தூத் 350இல் ஆர்.பி.எம். மீட்டரின் முள் சாமியாடத் தொடங்கியிருந்தது. யமஹாவின் ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இங்கே கொண்டுவந்த பெயர் அது. “புதுப்பேட்டையில ஒரு பாய் இருக்கார், வா” என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டான்.

இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டிய கடை. பாய் ரிம்மை நெம்பி மீட்டரைப் பிரித்தார். எஞ்சினிலிருந்து வரும் கேபிள் உள்ளே ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம். காந்தம் சுற்றச் சுற்றக் கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, அதையும் கூடவே இழுக்கிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று போகவிடாமல் பிடிக்கிறது. இந்த இழுபறி நிற்கும் இடம்தான் நாம் பார்க்கும் எண்.

“கிண்ணத்தோட ஊசி தேஞ்சிருச்சு தம்பி. பார்ட்ஸ் கிடையாது. உள்ள எலெக்ட்ரானிக் வச்சுடலாம். முகம் பழசாவே இருக்கட்டும்.”

முகம் தப்பிக்கவேண்டும் என்றால் முதலில் முள்ளைக் கழற்ற வேண்டும். பாய் எடுத்தது, நடுப்பற்களை அறுத்த ஓர் எவர்சில்வர் முள்கரண்டி! டயலின் மேல் பஸ் டிக்கெட்டை விரித்து, கரண்டியை முள்ளுக்கு அடியில் நுழைத்து மெல்ல அமுக்கினார். டொக். முள் உள்ளங்கையில் விழுந்தது. பெயின்டில் கீறல் இல்லை. “எங்க வீட்டுல யாரும் இதுல சாப்பிட்டதில்ல. ஆனா எல்லாருக்கும் சோறு போட்டுச்சு.”

பதிமூன்று வயதில் வாட்ச் கடையில் சேர்ந்தவர். குவார்ட்ஸ் வந்து அந்த வேலையைத் தின்றதும் மீட்டருக்கு மாறினார். “இப்ப அது இங்கயும் வந்துருச்சு” என்று சிரித்தார்.

வயரிங் எனக்குப் புரியவில்லை; டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பியபோது வண்டி ஐடிலில் நின்றது. மீட்டர் 2,600 காட்டியது. பாய் ஒரு குட்டி ஸ்விட்சைத் தள்ளினார், 1,300. இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று மீட்டர் எண்ணிக்கொண்டிருந்ததாம். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் பொறி உண்டு. இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் என்பதால், ஒன்றிலிருந்து மட்டும் சிக்னல் எடுத்திருந்தார்.

இவர் சீர்செய்த மீட்டர்களைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிப்போகிறவர்கள், இணையத்தில் ‘ஒரிஜினல்’ என்று பல ஆயிரத்துக்கு விற்கிறார்கள். அந்த விளம்பரத்தில் மீட்டரின் படம் இருக்கும். இந்தக் கைகளின் படம் இருக்காது. வாங்குகிறவர் புதுப்பேட்டைக்கு ஒருநாள் நேரில் வந்தால் என்ன? நாமும்தான் பழமையைக் கொண்டாடுகிறோம். பழுது பார்ப்பவரிடம் பேரம் பேசுகிறோம்.

“கேபிள் போன ஓட்டைய அடைக்கணும், இல்லேன்னா ஆயில் கசியும்” என்று பித்தளை மூடி ஒன்றை முறுக்கினார் பாய். பிறகு அந்தச் சுருள்வில்லை மட்டும் கழற்றி, பழைய பவுடர் டப்பாவில் போட்டார்.

“எதுக்கு பாய்?”

“வில்லு நல்லாருக்கு. கிண்ணம் நல்லாருக்கற ஒண்ணு வரும்ல?”