கூடும் கழனியும்

நெய்வேலி என்றவுடன் வெளியூர் அன்பர்களின் நினைவில் எழுவன, ஆழ்ந்த சுரங்கமும் வானளாவிய புகைபோக்கிகளுமே. மாலை வேளையில் நகரியத்தின் வட்டங்களினூடே நம்மோடு நடந்து வருவோர் வேறொரு நெய்வேலியைக் காண்பர். சாலையின் இருமருங்கும் மரங்கள். அவற்றை நாடி அணியணியாய் வந்தடையும் வெண்கொக்குகள். இருட்டும் வரை அவற்றின் ஆரவாரம் ஓய்வதில்லை.

விடியற்காலைப் பூசைக்கு மணியடிக்கும்போதே அவை புறப்பட்டுவிடும். எங்கே? நகரியத்துக்கு வெளியேயுள்ள நெல்வயல்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும். இங்கிருப்பது கூடு மட்டுமே, உணவு அங்கே.

ஒருநாள் நம்முடன் நடந்து வந்தார் ஒரு முதியவர். சுரங்கத்துக்காகத் தம் சிற்றூரைவிட்டுப் பெயர்ந்தவர். மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீடு இருந்துட்டா போதுமா சாமி? கழனி வேணாமா?" என்றார். அச்சொல் நம் நெஞ்சைத் தொட்டது; நாம் நூல்வழி அறிந்த ஒரு தொலைதூரத் தீவையும் நினைவூட்டியது.

அரபிக்கடலில், இலட்சத்தீவுகளின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே ஏறக்குறைய 24 கிலோமீட்டரில் உள்ளது பிட்டித் தீவு. பரப்பு மூன்று ஏக்கர் அளவே. மனிதர் வாழாத அத்திட்டில் ஆலா எனும் கடற்பறவைகள் கூடி முட்டையிடுகின்றன. அவற்றுள் முதுகு கரிய ஆலா, வெறுந்தரையில் ஒரே முட்டையிடும். தாயும் தந்தையும் முறைவைத்து அடைகாக்கும். ஒன்று காத்திருக்க, மற்றொன்று ஆழ்கடலில் இரைதேடும். அதன் இறகுகள் நெடுநேரம் நீரைத் தாங்கமாட்டா. ஆதலால் அலைமேல் அமர்ந்து இளைப்பாறவும் இயலாது.

சூரை மீன்கள் கீழிருந்து விரட்ட, சிறுமீன்கள் நீர்மட்டத்தில் துள்ளும். பறந்தவாறே ஆலா அவற்றைக் கவ்வும். அப்பறவைக் கூட்டத்தைக் கண்டே தூண்டிற்கார மீனவர் சூரை இருக்குமிடம் அறிவர். கடல் வறண்டால் பறவையும் மீனவனும் ஒருங்கே பட்டினி கிடப்பர்.

பிட்டி 1995-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. கூட்டுக்குக் காவல் கிடைத்தது. சுற்றியுள்ள கடலுக்கு? கால் நூற்றாண்டு கழித்து, 2020-இல், 62 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பெற்றது. அத்தீவுகளின் மக்களவை உறுப்பினராய் நெடுங்காலம் விளங்கிய பி.எம். சயீதின் பெயரை அது தாங்கியுள்ளது. இத்தகைய பாதுகாப்பகத்தை அமைக்குமுன் அவ்விடத்து மக்களைக் கலந்துகொள்ள வேண்டுமென்பது சட்டம். அதுவே முறை, கடலை அறிந்தவர் அவர்களன்றோ! ஆலா பறந்து திரியும் கடலை நோக்க இது சிறு முற்றமே எனினும், வீட்டோடு கழனியையும் எண்ணிப் பார்த்தது நற்செயலே.

அன்பு வாசகர்களே, மரத்தை வெட்டாது விட்டோம் என்று நாம் மனநிறைவு கொள்ளலாம். ஏரியைத் தூர்த்துவிட்டால் கொக்கு அம்மரத்தில் அமர்ந்து என் செய்யும்? குடிபெயர்ந்தோர்க்கு மனை அளந்து தரும்போதும் இவ்வினா நம்முன் நிற்கட்டும். அம்முதியவர்க்கு அன்று நாம் மறுமொழி கூறவில்லை. கூற நம்மிடம் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே கொக்குகள் வந்தடைந்தவண்ணம் இருந்தன.