ஒரே அறை

நவம்பர் 14 வந்தால் எங்கள் ஊருக்கு இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று அடைமழை, மற்றது நூலக வார விழா. 1968 முதல் நாடெங்கும் தேசிய நூலக வாரம் 14-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. நேரு பிறந்த நாளில் தொடங்கலாம் என்று முடிவெடுத்தவர்கள், ஐப்பசிக் கடைசியில் டெல்டா எப்படி இருக்கும் என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேச்சுப் போட்டிக்கு நாற்பது பேர் பெயர் கொடுத்திருப்போம். மழைக்குப் பள்ளி லீவு விட்டதும் ஐந்து பேர் நனைந்துகொண்டு வந்து நிற்போம். ஐந்து பேருக்கு மூன்று பரிசு. அந்தக் கணக்கில்தான் நான் பேச்சாளன் ஆனேன்.

கிளை நூலகம் என்றால் ஒரே அறை. வாசலில் வருகைப் பதிவேடு, சரட்டில் கட்டிய பேனா. நடுவில் பேப்பர் படிக்கிற நீள மேஜை, சுற்றிலும் இரும்பு அலமாரி. வெள்ளிக்கிழமை விடுமுறை. விழா என்றால் அந்த மேஜையைச் சுவரோரம் தள்ளுவார்கள். மேஜையைத் தள்ளலாம், பேப்பர் படிப்பவர்களைத் தள்ள முடியாது. அவர்கள் நாற்காலியோடு நகர்ந்து, விட்ட வரியிலிருந்து படிப்பார்கள். மேடையில் நின்று பார்த்தால் முதல் வரிசையில் முகங்களே இருக்காது. விரித்த பேப்பர்கள்தான் தெரியும்.

ஆறாம் வகுப்பில் காமராசரைப் பற்றிப் பேசப் போனேன். அப்பா எழுதிக் கொடுத்ததை உருப்போட்டிருந்தேன். 'பேரன்புமிக்க நடுவர் அவர்களே' வரை தங்குதடையில்லை. மதிய உணவுத் திட்டத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கிறது. நடுவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வாசகர் வட்டத் தலைவரும் அவர்தான். லைப்ரரி சாரின் மேஜை மணி அவர் கையில் இருந்தது. அதை அவர் அடிக்கவில்லை. விரித்திருந்த ஒரு பேப்பருக்குப் பின்னாலிருந்து, "பசியோட வர்ற புள்ளைக்கு எப்படிய்யா பாடம் ஏறும்… சொல்லு தம்பி" என்று ஒரு குரல் வந்தது. அது நான் உருப்போட்ட வரி இல்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். இரண்டாம் பரிசு. சொல்லிக் கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. பேப்பர் இறங்கவேயில்லை.

அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு வரி கட்டப் போவது அவள்தான். ரசீதில் 'நூலக வரி' என்று ஒரு வரி இருப்பதை ஒருநாள் வாசித்துக் காட்டிவிட்டேன். "நம்ம காசுலயாடா நடக்குது அது?" என்றாள். 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த நூலகச் சட்டம், வீட்டு வரியோடு சேர்த்து வசூலிக்க வழி செய்தது. அந்தச் சட்டம் எத்தனை பேரைப் படிக்க வைத்ததோ, எங்கள் அப்பாயியைச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்ப வைத்தது. அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று ஒரு பத்திரிகைச் சிறுகதையை உரக்க வாசித்தார்கள். ஐப்பசியில் குறுவை நடுவதாக ஒரு இடம் வந்தது. "ஐப்பசியில குறுவையை அறுத்துட்டுத் தாளடி நடுவாங்க. இதை எழுதின புள்ளைக்கு ஊரு எது?" என்று கேட்டாள் அப்பாயி. லைப்ரரி சார் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நிசமாகவே எழுதினார், நான் எட்டிப் பார்த்தேன்.

சார் ஒவ்வொரு ஆண்டும் வரவேற்புரையில் ஒரே கதையைச் சொல்வார். 1931-இல் மன்னார்குடி பக்கத்து மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிய கதை. அதே ஆண்டில்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார் என்று முடிப்பார். அவருக்கு விதிகள் முக்கியம், எங்களுக்கு மாடு. "மாடு புத்தகத்தைத் தின்னுடாதா சார்?" என்று ஆண்டுதோறும் எவனாவது கேட்பான். சாரும் அந்தக் கேள்விக்காகக் கொஞ்சம் நிறுத்துவார் என்று இப்போது தோன்றுகிறது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மகளை அழைத்துப் போகிறேன். குறை சொல்ல நாக்கு வராது. தரைத்தளத்தில் பிரெய்லி பிரிவு இருக்கிறது. குழந்தைகள் தளத்தில் செயற்கை மரம் ஒன்று கிளை விரித்து நிற்கிறது. சனிக்கிழமை மாலை எழுத்தாளர்கள் வந்து பேசுகிறார்கள். கதைசொல்லல், ஓரிகாமி என்று குழந்தைகளுக்கும் எதையாவது நடத்துகிறார்கள். எங்கள் வாளிக்கு அங்கே வேலையே இல்லை. அவள் குழந்தைகள் தளத்தில் இறங்கிக்கொள்வாள், நான் தமிழ் நூல்கள் இருக்கும் தளத்துக்கு ஏறிவிடுவேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே சந்திப்போம். அவரவர் வயதுக்கு அவரவர் தளம். அவள் அங்கே என்ன கேட்டாள் என்று நான் வழியில் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டி குறுக்கே பேசியிருந்தால் அதுவாகவே என் காதில் விழுந்திருக்கும்.

போன நவம்பரில் ஊருக்குப் போன் போட்டேன். அந்தத் தபால்காரர் காலமான பிறகு மணி அப்பா கைக்கு வந்திருக்கிறது.

"எங்கப்பா இருக்கீங்க?"

"லைப்ரரியிலதான். மழைக்கு ஆறு பிள்ளைங்கதான் வந்திருக்கு. வச்சிடுறேன், ஆரம்பிச்சிட்டான்."

வைக்கவில்லை. சட்டைப்பையில் அப்படியே போட்டுவிட்டார் போல. ஓட்டில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவே ஒரு சிறுவன் பேரன்புமிக்க நடுவரை விளித்தான், அவையோரை விளித்தான், பாரதியாருக்கு வந்தான். எட்டயபுரத்தைத் தாண்டியதும் நின்றான். நான் பேருந்து நிறுத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். மணி அடிக்கவில்லை. பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ அவனுக்கு எதையோ எடுத்துக் கொடுத்தார்கள். என்னவென்று கேட்பதற்குள் என் பேருந்து வந்து ஹாரன் அடித்துவிட்டது.