கோடீஸ்வரன் வழக்கும் வலுவேறாக்கமும்

கொழும்பிலே அரசின் மூன்று துறைகளும் ஒரு காலத்தில் நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே இருந்தன. காலிமுகத்திடலின் வட எல்லையிற் பாராளுமன்றம். அதனை அடுத்துக் கோட்டைப் பகுதியில் திறைசேரி. கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் வழியிற் புதுக்கடை நீதிமன்றங்கள். சட்டத்தை ஆக்குவோரும், அதனை நிறைவேற்றுவோரும், அதற்குப் பொருள் காண்போரும் வேறுவேறாக இருத்தல் வேண்டுமென்னும் வலுவேறாக்கக் கோட்பாட்டை மொந்தெஸ்கியூவின் பெயரோடு சேர்த்து மாணவர் மனனஞ் செய்வர். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுவர். வெள்ளவத்தையிலிருந்து கரையோரப் புகைவண்டியிற் கோட்டைக்குச் சென்று வந்த தமிழ் எழுதுவினைஞர்க்கோ அது வெறும் ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை. அவர்தம் சம்பளமே அதனோடு பிணைந்திருந்தது.

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1961 இல் திறைசேரி விடுத்த சுற்றுநிருபம், சிங்களத் தேர்ச்சி பெறாத ஊழியர்க்கு வருடாந்தச் சம்பளவேற்றத்தை மறுத்தது. செ. கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் அத்தேர்வுக்குத் தோற்றவில்லை. 1962 ஏப்பிரலில் அவர்க்குரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தை நாடினார்.

அவர் கேட்டது சிறிது. அதன் உள்ளே இருந்த வினா பெரிது. ஒரு சமூகத்தினர்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கு இல்லையெனச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு கூறிற்று. அங்ஙனமாயின் 1956 ஆம் ஆண்டின் சட்டமே செல்லுமா? செல்லாது என 1964 இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் தீர்ப்பளித்தார். தேர்தல் மேடைகளை அதிரச் செய்த ஒரு சட்டத்தை மாவட்ட நீதிபதி ஒருவர் செல்லாததென அறிவித்தமை எளிய செயலன்று.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967 இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ முதலானோர் அத்தீர்ப்பை நீக்கினர். ஆனால் மொழிச் சட்டத்தை அவர்கள் தொடவில்லை. முடியின் ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடுக்கவியலாது என்றனர். வழக்கே இல்லையெனில் வினாவுக்கு விடை கூற வேண்டியதில்லையன்றோ!

ஈண்டு அமெரிக்காவின் மார்பரி வழக்கு நினைவுக்கு வருதல் இயல்பே. பதவி நீங்கிச் சென்ற சனாதிபதி அடம்ஸ், மார்பரி என்பாரைச் சமாதான நீதிவானாக நியமித்தார். அடுத்து வந்த ஜெபர்சனின் ஆட்சி நியமனப் பத்திரத்தைக் கொடுக்க மறுத்தது. அவரும் பெருந்தலைவரல்லர், அவர் கேட்டதும் சிறு பதவியே. 1803 இல் நீதியரசர் மார்ஷல் அப்பதவியை அவர்க்கு வழங்கவில்லை. ஆயின் வழங்காமைக்கு அவர் கூறிய காரணமே வரலாறாயிற்று: அத்தகைய கட்டளையிடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுத்த சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, ஆதலாற் செல்லாது என்றார். மனுதாரர் தோற்றார், காங்கிரசின் சட்டத்தை அளக்கும் கோலை நீதிமன்றம் தன் கையில் எடுத்துக்கொண்டது. புதுக்கடையிலோ நீதிமன்றம் அக்கோல் கையருகே கிடந்தும் அதனை எடுக்கவில்லை. எடுத்தற்கு முன்மாதிரி இல்லையென்றும் கூறவியலாது. 1962 ஆம் ஆண்டுச் சதிப்புரட்சி வழக்கின் எதிரிகளைத் தண்டிப்பதற்கெனவே ஆக்கப்பட்ட சட்டம் நீதித்துறையின் அதிகாரத்திற் கைவைப்பது என்று கூறி, 1965 இல் இலண்டன் கோமறைக் கழகம் அவர்களை விடுவித்திருந்தது. வலுவேறாக்கம் என்ற சொல் சோல்பரி அரசியலமைப்பில் இல்லை, பொருள் இருந்தது.

கோடீஸ்வரனும் கோமறைக் கழகத்துக்குச் சென்றார். 1969 டிசெம்பரில் டிப்ளொக் பிரபு வழங்கிய தீர்ப்பு, இலங்கையில் வளர்ந்து வந்த உரோமன் டச்சுச் சட்டத்தின்படி அரசாங்க ஊழியர் தம் சம்பளத்துக்காக வழக்காடலாம் எனக் கண்டது. மொழிச் சட்டம் பற்றிய வினாவை மட்டும் உயர்நீதிமன்றமே முதலில் ஆராய வேண்டுமெனத் திருப்பி அனுப்பியது. வென்றவர் கையில் மீண்டும் அதே வினா!

அதற்கு விடை வருமுன் வினாவின் அடித்தளமே அகற்றப்பட்டது. 1971 இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பில் 29 ஆம் பிரிவு இல்லை. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே சிங்களம் அரசகரும மொழி என்பது அதில் எழுதப்பட்டது. தேசிய அரசுப் பேரவை நிறைவேற்றிய சட்டம் செல்லுமாவென வினவும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு மறுக்கப்பட்டது. தீர்ப்பை எதிர்த்து வாதாடுவதைக் காட்டிலும் தீர்ப்பளிக்கும் அதிகாரத்தையே எடுத்துவிடுதல் எளிது என்பதை இங்கே காண்கிறோம்.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையும் அத்தடையைத் தொடர்ந்தது. 2018 டிசெம்பர் 13 இல், சனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானதென ஏழு நீதியரசர் ஒருமித்துத் தீர்ப்பளித்தபோது பலரும் வியந்தனர், வியப்பு நியாயமானதே. எனினும் அன்று மறிக்கப்பட்டது சனாதிபதியின் செயலேயன்றிப் பாராளுமன்றத்தின் சட்டமன்று. நிறைவேறிவிட்ட சட்டத்தின் முன் புதுக்கடை இன்றும் வாய்திறவாது.

1987 இல், பதின்மூன்றாந் திருத்தத்தின்படி, தமிழும் அரசகரும மொழியாயிற்று. அதனைத் தந்ததும் பாராளுமன்றமே. 1956 ஆம் ஆண்டின் சட்டம் செல்லுமா என்று கோடீஸ்வரன் கேட்ட வினாவை எந்த மேல்நீதிமன்றமும் இறுதிவரை விசாரிக்கவில்லை.