அட்டையும் பசையும் புளித்த ரொட்டியும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய மூலையில், குளோவர் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். கறவை மாட்டுப் பண்ணைகள், மேப்பிள் மரங்கள், சிறு ஏரிகள். வேறு எதற்கும் இந்த ஊரை யாரும் தேடி வர வேண்டியதில்லை. ஆனால் 1990-களில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு வார இறுதியில் பல்லாயிரக்கணக்கானோர் இங்கே வந்து இறங்கினார்கள். மலைச்சரிவில் உட்கார்ந்து, வீட்டுக் கூரையைவிட உயரமான காகித மனிதர்கள் புல்வெளியில் நடந்து வருவதைப் பார்த்தார்கள். பூண்டு தடவிய ரொட்டியைக் கையில் வாங்கித் தின்றார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது, விளம்பரதாரர் கிடையாது.

அந்தத் திருவிழாவின் பெயர் உயிர்த்தெழுதல் சர்க்கஸ். நடத்தியவர்கள் 'பிரெட் அண்ட் பப்பெட்' குழுவினர். ரொட்டியும் பொம்மையும் என்பதுதான் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். பழைய பெருவிழா இப்போது இல்லை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் சிறிய சர்க்கஸ்தான் மிஞ்சியிருக்கிறது. நான் போனது அதைப் பார்க்க. அதைவிட, அந்த உருவங்களைச் செய்கிறவர்களைப் பார்க்க.

குழுவைத் தொடங்கிய பீட்டர் ஷூமன் 1934-ல் அன்றைய ஜெர்மனியின் சிலேசியாவில் பிறந்தவர். போரின் இறுதியில் குடும்பத்தோடு அகதியாக ஓடியவர். சிற்பமும் நடனமும் பயின்று 1961-ல் அமெரிக்கா வந்தார். 1963-ல் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், ஏழைகளும் குடியேறிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில், இந்தக் குழு பிறந்தது. வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலங்களில் இவர்களுடைய ராட்சத பொம்மைகள் நடந்தன. 1970-ல் வெர்மான்ட்டின் கோடார்ட் கல்லூரி இடம் கொடுத்தது. சர்க்கஸ் அங்கேதான் தொடங்கியது. 1974-ல் குளோவர் பண்ணைக்கு வந்தார்கள். ஷூமனின் மனைவி எல்கா சோவியத் நாட்டின் மக்னிதகோர்ஸ்க் நகரத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா ஸ்காட் நியரிங், நகரத்தை விட்டு நிலத்துக்குத் திரும்பிய அமெரிக்கர்களுக்கு ஆசான் போன்றவர். குழுவின் அச்சகத்தையும் அருங்காட்சியகத்தையும் 2021-ல் இறக்கும்வரை எல்காதான் தாங்கிப் பிடித்தார். ஷூமனின் பெயர் பரவிய அளவுக்கு எல்காவின் பெயர் பரவவில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

சாலையோரத்தில் நிற்கும் பெரிய மரக்கொட்டகைதான் அருங்காட்சியகம். ஒன்றரை நூற்றாண்டைத் தாண்டிய மாட்டுத்தொழுவம் அது. கீழே மாடுகள் கட்டியிருந்த இடத்தில் இன்று முகமூடிகள். மேலே வைக்கோல் பரணில், உத்தரம் தொட நிற்கும் பேருருவங்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை, குளிர்சாதனம் இல்லை. பலகை இடுக்கு வழியாக வெளிச்சமும் தூசியும் வருகின்றன. துணி துவைக்கும் பெண்கள், குப்பை அள்ளும் ஆண்கள், சுருட்டுக் குடிக்கும் பணக்கார மாமா, பெயரில்லாத நூற்றுக்கணக்கான வெளிறிய முகங்கள். சில முகங்களில் எலி கடித்திருக்கிறது. சிலவற்றில் ஈரம் ஏறி மூக்கு தொங்கிவிட்டது. அவற்றை யாரும் மறைக்கவில்லை. காகிதம் எத்தனை காலம் தாங்குமோ அத்தனை காலம் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அருங்காட்சியகம் என்றால் பொருளைச் சாவிலிருந்து காப்பாற்றும் இடம் என்று பழகிய எனக்கு, இந்தக் கொட்டகையில் நிற்க முதலில் பதற்றமாக இருந்தது.

பதற்றம் தீர்ந்தது பட்டறையில்தான்.

ஒரு முகம் களிமண்ணில் தொடங்குகிறது. தரையில் மண்ணைக் குவித்து, ஆள் மேலே ஏறி நின்று, உள்ளங்கையாலும் பலகையாலும் தட்டித் தட்டி நெற்றியும் கன்னமும் எழுப்புகிறார்கள். அருகிலிருந்து பார்த்தால் அது முகமாகவே தெரியவில்லை, மேடும் பள்ளமும்தான். செய்கிறவர் அடிக்கடி எழுந்து தொலைவாகப் போய்த் திரும்பிப் பார்க்கிறார். வயலின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிய வேண்டிய முகம் இது. கண் இமை, உதட்டு வரி போன்ற நுணுக்கங்கள் அந்தத் தொலைவில் காணாமல் போய்விடும். புருவ மேட்டின் நிழல்தான் துயரமாகத் தெரியும். அதனால் விரலில் சிற்பியின் ஆசை இருந்தாலும் அதை அடக்கிக்கொள்ளக் கற்க வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதற்குத்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள் என்று பல ஆண்டுகளாக இங்கிருக்கும் ஒரு பெண் சொன்னார்.

மண் முகத்தின் மேல் ஒட்டாமல் பிரிந்து வர மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் மேல் காகிதம். கடைப் பைகளின் பழுப்புக் காகிதம், அட்டைப்பெட்டிகள், செய்தித்தாள் எல்லாம் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போடுபவை. சோள மாவுப் பசையைப் பெரிய பாத்திரத்தில் காய்ச்சுகிறார்கள். கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேர்தல் சமயத்தில் நம் ஊரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதா பசை காய்ச்சும் பக்குவம்தான். காகிதத்தைக் கத்திரியால் வெட்டக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும். பசை பட்டதும் அடுத்த துண்டின் நாரோடு பின்னிக்கொள்ளும். வெட்டிய ஓரமோ காய்ந்த பின் வரியாகத் துருத்தித் தெரியும். பசையில் நனைத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே உருவி மிச்சத்தை வழித்துவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியே தள்ளுகிறார்கள். நானும் உட்கார்ந்து ஒட்டினேன். பேச்சு தானாக வந்தது. கை வேலையில் இருக்கும்போது மனிதர்கள் முன்பின் தெரியாதவரிடம் எவ்வளவு சொல்லிவிடுகிறார்கள்!

காய்ந்ததும் முகத்தை மண்ணிலிருந்து தூக்குகிறார்கள். அந்த நொடியில் எல்லாரும் வந்து கூடுகிறார்கள். ஆளுயரத்துக்கு மேலான முகம், இரண்டு பேர் சிரமமில்லாமல் பிடித்துவிடுகிறார்கள். உள்பக்கம் மரப்பட்டி அடித்து வலுவூட்டி, வீட்டுச் சுவருக்கு அடிக்கும் சாதாரணப் பெயின்ட் பூசுகிறார்கள். உடல் முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகள். அடியில் மண் முகம் அப்படியே இருப்பதால் அதன்மேல் மறுபடி காகிதம் ஒட்டலாம். ஒரே முகம் பத்தாகும், இருபதாகும், ஒரு கூட்டமாகும். ஊர்வலத்துக்காகவே பிறந்த உத்தி இது. 1982 ஜூன் 12-ல் நியூயார்க்கில் அணு ஆயுதத்துக்கு எதிராக நடந்த மாபெரும் பேரணியில், இவர்களுடைய உருவங்களைச் சுமந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொம்மலாட்டக்காரர்கள் இல்லை. கம்பு தூக்கக் கை இருந்தவர்கள்.

விலையில்லாத பொருளைத் தேர்ந்தெடுத்தது வறுமையால் மட்டும் நடந்ததல்ல. கலை செல்வந்தர்களின் சுவருக்கும் வங்கிப் பெட்டகத்துக்கும் உரியதாகிவிட்டது என்ற கோபம் இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1979-ல் ஒரு பழைய பேருந்தில் அட்டைத் துண்டிலும் பலகைத் துண்டிலும் வரைந்த சிறு படங்களைத் தொங்கவிட்டு, சில்லறைக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். மலிவுக் கலை என்பதை 1984-ல் அறிக்கையாகவே அச்சிட்டார்கள். செலவுக்கு நாடகப் பயணங்களின் வருவாயும், பார்க்க வந்தவர்கள் போடும் காசும், அச்சகத்துச் சுவரொட்டிகளும்.

ஆனால் நான் அங்கே புரிந்துகொண்ட வேறொன்று, எனக்கு இந்த அறிக்கைகளைவிட முக்கியமாகப் படுகிறது. இந்த உருவங்களைத் தனி ஆளால் ஆட்ட முடியாது. நடுவில் ஒருவர் முதுகுச் சட்டத்தில் தலையைத் தாங்குகிறார். வலக் கைக்கு ஒருவர், இடக் கைக்கு ஒருவர், பின்புறத் துணி காற்றில் சுருண்டுவிடாமல் பிடிக்க இன்னும் இருவர். ஞாயிறு காலை வந்தால் ஒத்திகையில் யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு ஒரு பேருருவின் இடக் கை கிடைத்தது. நீண்ட கம்பின் நுனியில் ஆள் உயரத்துக்கு ஒரு காகித உள்ளங்கை. நடுவில் நிற்பவருக்கு முன்னால் துணிதான் தெரியும். திசை சொல்ல வேண்டியவர்கள் கைக்காரர்கள். எனக்கு எதிரே வலக் கையைத் தூக்கியிருந்தவர் அக்கம்பக்கத்தில் பால் பண்ணை வைத்திருப்பவர். காலையில் மாடு கறந்துவிட்டு வந்திருந்தார். அவர் கம்பின் சாய்வைப் பார்த்தே நான் என் கம்பைச் சாய்க்க வேண்டும். மெதுவாக, இன்னும் மெதுவாக என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வேகமாக அசைந்தால் கம்பில் மாட்டிய காகிதமாகத் தெரியும். மூச்சை இழுத்து விடும் அவகாசத்தில் அசைந்தால்தான் அந்தக் கைக்கு எடை வரும். காற்று வீசியதும் கம்பு என்னை இழுத்தது. தோள் எரிந்தது. சரிவில் இருந்த குழந்தைகள் எழுந்து நின்றதை மட்டும் பார்த்தேன்.

சர்க்கஸ் நடக்கும் இடம் முன்பு சரளைக்கல் தோண்டிய பள்ளம். இப்போது புல் மூடி இயற்கையான அரங்கமாகிவிட்டது. பித்தளை வாத்தியங்கள் முழங்க, மரக்கால்களில் ஆட்டம், அட்டைக் குதிரைகள், சிங்கம், புலி. ஒவ்வொரு துணுக்கும் ஓரிரு நிமிடம்; போர், வாடகை, எண்ணெய் நிறுவனங்கள், சிறைச்சாலைகள் என்று செய்தித்தாளிலிருந்து நேரே வந்தவை. சில துணுக்குகள் எனக்கு ஒட்டவில்லை, முழக்கமாகவே நின்றன. அதன்பின் அனைவரும் எழுந்து வயலுக்கு நடக்கிறார்கள். அங்கே பேச்சே இல்லாத கூத்து. தொலைவிலிருந்து கம்புகளில் ஏந்திய வெள்ளைப் பறவைகள் ஓடி வருகின்றன. அதில் முழக்கமே இல்லை. ஆனால் போர் என்றால் என்ன என்று அந்தப் பறவைகளிடம்தான் நான் அறிந்துகொண்டேன்.

ரொட்டியும் உடலுழைப்புதான். ரை தானியத்தை அரைத்து, புளித்த மாவோடு பிசைந்து, வெளியே கட்டிய செங்கல் அடுப்பில் விறகு எரித்துச் சுடுகிறார்கள். ஷூமன் சிறுவயதில் வீட்டில் உண்ட ரொட்டி அது. மெல்லாமல் விழுங்க முடியாத கடினம். பூண்டரைத்த எண்ணெய்க் குழைவைத் தடவி, வந்தவர் அனைவருக்கும் இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

1998-ல் பெருவிழா நின்றதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டில், விழாவை ஒட்டி அக்கம்பக்க நிலங்களில் முளைத்த முகாம் ஒன்றில் ஏற்பட்ட கைகலப்பில் ஒரு மனிதர் இறந்துபோனார். குழு விழாவை அத்தோடு முடித்துக்கொண்டது. அந்தக் காலத்தைப் பற்றி ஊரில் இரண்டு நினைவுகள் இருக்கின்றன. சிலருக்கு அது வாழ்வின் பொற்காலம். சிலருக்கு மிதிபட்ட வயலும், அடைபட்ட சாலையும், இரவு முழுக்கச் சத்தமும். முகாம்களுக்கு வந்தவர்களில் கணிசமானோர் பொம்மைகளின் பக்கமே போகவில்லை என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறது. தூக்கும் கைகள் சில நூறு. பார்க்கவும் குடிக்கவும் வந்தவர்கள் பல்லாயிரம். நிறுத்தியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்று நம்புவதற்கு இது மேடையும் நாற்காலியும் கொண்ட விழா இல்லை. வருகிறவர் கையில் ஒரு கம்பைக் கொடுக்க முடிகிற அளவுதான் இதன் அளவு.

பண்ணையில் கோடைப் பயிற்சியாளர்கள் கூடாரங்களிலும் ஓடாத பழைய பள்ளிப் பேருந்துகளிலும் தங்குகிறார்கள். கழிப்பறைக்கு வெளியே போக வேண்டும். சமையல், தோட்டம், விறகு, பாத்திரம் எல்லாம் முறை வைத்து. கூலிக்காக வந்தவர்களில்லை. இங்கேதான் என் மனத்தில் ஓர் உறுத்தல். சம்பளமில்லாமல் ஒரு கோடையைக் கழிக்க முடிகிறவர்தானே இங்கே வர முடியும்? துணி துவைக்கும் பெண்களின் முகமூடியை அணிந்தவர்களில், துணி துவைத்துப் பிழைக்கும் வீட்டிலிருந்து வந்தவர் எத்தனை பேர்? வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞரிடம் இதைக் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. உணவக வேலையில் சேர்த்த பணத்தில் வந்ததாகவும், அடுத்த ஆண்டு முடியாது என்றும் சொன்னார். எளிய கலையைச் செய்யவும் யாரோ நேரத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலையைப் பகிர்ந்துகொள்ளும் வழியை இவர்கள் தேடினால் நன்றாக இருக்கும். அறுபது ஆண்டுகளாக எவ்வளவோ தேடியவர்கள்தான்.

இங்கிருந்து போனவர்கள் அந்த அறிவைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார்கள். அமெரிக்க வீதிப் போராட்டங்களில் ராட்சத பொம்மைகள் வழக்கமானதற்கு இந்தப் பண்ணையும் ஒரு காரணம். அதைக் கண்டு அதிகாரம் அஞ்சியதும் உண்டு: 2000-ல் குடியரசுக் கட்சி மாநாட்டின்போது ஃபிலடெல்ஃபியாவில் பொம்மை செய்துகொண்டிருந்த கிடங்குக்குள் காவல் துறை புகுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தது, பொம்மைகளை அழித்தது. ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. குழுவில் ஆடிய ஒருவர் குளோவரில் அன்றாடப் பொருட்களுக்கென ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார். தீக்குச்சி, ஊக்கு, பல்துலக்கி இவற்றின் வரலாறு. காவலாள் இல்லை, விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு நாமே அணைத்துவிட்டு வர வேண்டும். பண்ணையின் பைன் தோப்பில், இறந்துபோன பொம்மலாட்டக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் சிறுசிறு மரக்குடில்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

ஷூமன் தொண்ணூறைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பின் என்ன என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். பட்டறையில் யாரும் அதை நீளமாகப் பேசவில்லை. ஆட்டம் முடிந்ததும் பனி இறங்குவதற்குள் உருவங்களைக் கொட்டகைக்குள் சேர்க்கும் அவசரம் அவர்களுக்கு. நான் தூக்கிய கையில் இரண்டு விரல்களுக்கு நடுவே கிழிந்திருந்தது. பல ஆண்டுகளாகப் பட்டறையில் இருக்கும் அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்து, நாலு அடுக்கு போட்டால் போதும் என்றார். இன்னும் ஏழெட்டு உருவங்களில் கிழிசல் இருந்தது. திங்கட்கிழமை ஒட்டுவதற்கு ஆள் குறைவு, இருந்துவிட்டுப் போக முடியுமா என்று என்னிடம் கேட்டார்.