கைமாறிய படங்கள்

சிறுபிராயத்தில் எதையேனும் சேர்த்து வையாதவர் நம்மிடையே அரிது. தபால் முத்திரை, தீப்பெட்டிப் படம், பழைய நாணயம், கடற்கரைச் சிப்பி என்று ஊருக்கும் காலத்துக்கும் ஏற்பப் பொருள் மாறுமேயன்றிச் சேர்க்கும் ஆசை மாறுவதில்லை. மேல்நாட்டுச் சிறுவரிடையே இவ்வாசையை நூறாண்டுக்கு மேலாக வளர்த்து வந்தவை விளையாட்டு வீரரின் படம் பொறித்த சிறிய அட்டைகள். உள்ளங்கையில் அடங்கும் அப்படவட்டையின் ஒரு புறத்தில் வீரரின் உருவம் இருக்கும். மறுபுறத்தில் அவரைப் பற்றிய குறிப்பும் அவரது ஆட்டக் கணக்கும் இருக்கும். தலைமுறைக்குத் தலைமுறை சிறுவர் அதனைக் கையாண்ட விதம் மாறி வந்த கதை, பிள்ளைகளை உடைய எவருக்கும் சிந்தனை தருவதாகும்.

இவ்வட்டை பிறந்த இடமோ சிறுவருக்கு ஒவ்வாத இடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெற்றுகள் மெல்லிய தாளுறைகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காதிருக்கும் பொருட்டு உள்ளே வைத்த தடித்த அட்டையில் ஒரு படத்தையும் அச்சிட்டால் விற்பனை பெருகும் என வியாபாரிகள் கண்டுகொண்டனர். அமெரிக்காவில் றிச்மண்ட் நகரத்து அலென் அன்ட் ஜின்ரர் கம்பனி 1880களில் பேஸ்போல் வீரர், குத்துச்சண்டை வீரர் முதலியோரின் படங்களை வெளியிட்டது. இங்கிலாந்தில் வில்ஸ் கம்பனி 1896இல் கிறிக்கெற் வீரர் 50 பேரின் படங்களைத் தந்தது. தந்தை புகைத்தார், மைந்தன் படத்தை எடுத்துக்கொண்டான். தந்தை புகையாத வீட்டுப் பிள்ளை கடைவாசலில் நின்று, வருவோர் போவோரிடம் படம் கேட்டான்.

அமெரிக்கப் புகையிலைக் கம்பனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட வரிசையில் பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் என்னும் வீரரின் படமும் இடம்பெற்றது. அவர் உடன்படாமையால் அப்படம் விரைவில் நிறுத்தப்பட்டது. தம் படத்துக்காகச் சிறுவர் புகையிலையை நாடுவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தக்க பணம் கொடுக்கப்படாமையே காரணம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், இன்று எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 60 படங்களே. அவற்றுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று.

அடுத்த தலைமுறையில் சிகரெற்றின் இடத்தைச் சுவிங்கம் பிடித்துக்கொண்டது. 1933இல் கௌடி என்னும் சுவிங்கம் கம்பனி வெளியிட்ட வரிசையில் 106ஆம் இலக்கப் படம் அச்சிடப்படவே இல்லை. அது அடுத்த பொட்டலத்தில் அகப்படும், அதற்கடுத்த பொட்டலத்தில் அகப்படும் என்று சிறுவர் வாங்கி வாங்கி ஏமாந்தனர். முறைப்பாடு எழுதியவர்களுக்கு மறுவருடம் அப்படம் அனுப்பப்பட்டது. பிள்ளைகளின் ஆசையை அளந்து பார்க்கும் வியாபாரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று.

ஆயினும் அக்காலத்துப் பிள்ளைகள் படத்தை விளையாட்டுப் பொருளாகவே கொண்டனர். சுவரோரம் நின்று சுண்டி எறிந்து, வென்றவன் தோற்றவனுடைய படத்தை எடுத்துக்கொள்வான். ஒரே படம் இரண்டு இருந்தால் இல்லாத ஒன்றுக்கு மாற்றிக்கொள்வார்கள். துணி காயப்போடும் கவ்வியினால் சைக்கிள் சக்கரக் கம்பியருகே அதனைப் பொருத்தி, மோட்டார்ச் சைக்கிள்போல் சத்தம் எழுப்பி ஓடுவார்கள். பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும், எஞ்சிய படங்களைத் தாய்மார் குப்பையில் இட்டனர்.

கம்பனிக்காரரும் அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. புறூக்ளினில் இருந்த ரொப்ஸ் கம்பனி 1952இல் வெளியிட்ட 407 படங்களுள், பருவத்தின் பிற்பகுதியில் வந்தவை சரியாக விற்பனையாகவில்லை. ஆண்டுகள் பல களஞ்சியத்தில் தேங்கிக் கிடந்த அப்பெட்டிகளை 1960இல் ஒரு படகில் ஏற்றி அற்லாண்டிக் சமுத்திரத்திற் கொட்டுவித்ததாக, அவ்வரிசையை வடிவமைத்த சை பேகர் பின்னாளில் கூறியிருக்கிறார். கடலுக்குப் போகாமல் தப்பிய மிக்கி மான்ரில் என்ற வீரரின் படம் ஒன்று 2022இல் 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம்போயிற்று.

இங்கேதான் கதையின் சூட்சுமம் இருக்கிறது. பழைய படங்கள் விலை உயர்ந்தமைக்குக் காரணம் அவற்றைப் பலர் பாதுகாத்தமை அன்று; எவரும் பாதுகாக்காமையே. விளையாடித் தேய்த்தும் எறிந்தும் கடலிற் கொட்டியும் அழித்த பின்பு எஞ்சியவையே அரும்பொருளாயின. இந்த உண்மையை அடுத்த தலைமுறை தலைகீழாக விளங்கிக்கொண்டது. புள்ளிவிபரவியற் பேராசிரியரான ஜேம்ஸ் பெக்கற் 1984இல் பேஸ்போல் படங்களின் விலையைக் கூறும் மாதச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். தந்தையர் தாம் எறிந்த படங்களின் விலையை அதில் வாசித்துத் திகைத்தனர். தம் பிள்ளைகளின் படங்களையேனும் காப்போம் என்று உறுதிபூண்டனர். கம்பனிகளும் கோடிக்கணக்கில் அச்சிட்டன. எல்லோரும் அச்சிட்டார்கள்; எல்லோரும் காத்தார்கள். ஆகவே அவற்றுக்கு விலை இல்லாமற் போயிற்று.

இதனை நான் நூலில் மட்டும் கற்றேனல்லேன். என் மாமா 1986இல் குடும்பத்துடன் கனடா சென்று ரொறன்ரோவிற் குடியேறினார். அங்கு பனிக்கட்டியில் ஆடும் ஹொக்கியே பிள்ளைகளின் பேச்சு. 1990இல் புதிய கம்பனிகள் பல ஹொக்கிப் படங்களை வெளியிடத் தொடங்கின. தொழிற்சாலையில் இரவு வேலை செய்த மாமா, சம்பளம் எடுக்குந்தோறும் தம் மகனுக்கு இரண்டு பொட்டலம் வாங்கிக் கொடுப்பார். பிரிக்காத பெட்டி ஒன்றையும் வாங்கி நிலக்கீழ் அறையில் அடுக்குவார். பொட்டலம் விளையாட, பெட்டி, மகன் பல்கலைக்கழகம் போகும் காலத்தில் விற்க. உடன் வேலை செய்தவர்கள் அவ்வாறு செய்யும்படி அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

மச்சானுக்கும் எனக்கும் ஒரு வயதே வித்தியாசம். அவர் 1991இல் எனக்கு எழுதிய கடிதத்துள் ஒரு படத்தை வைத்து அனுப்பினார். அக்கடிதம் பல வாரம் தாமதித்து யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. கறுப்பும் வெள்ளியுமான சட்டை அணிந்து பனிக்கட்டியின்மேல் சறுக்கும் வெய்ன் கிறெற்ஸ்கியின் படம் அது. மின்சாரம் இல்லாத அக்காலத்தில் பனிக்கட்டியைக் கண்ணாற் காண்பதே எங்களுக்கு அரிது. அதன்மேல் மனிதர் ஓடி விளையாடுகிறார்கள் என்பதை வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. படத்தை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஒருவன் பிரெஞ்சு முத்திரை தந்தான். வேறொருவன் இரண்டு தீப்பெட்டிப் படம் தந்தான். நான்கு மூலையும் மழுங்கி, நடுவில் மடிப்பு விழுந்து, அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

1979இல் வெளிவந்த கிறெற்ஸ்கியின் முதற் படம், கறைபடாத பிரதி ஒன்று, 2021இல் 37 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. என்னிடம் உள்ள படம் ஒரு கோப்பை கோப்பியின் விலைக்கும் போகாது. ஆள் ஒருவரே, முகமும் அதுவே. அச்சிட்ட தொகையும் எஞ்சிய தொகையும் செய்த வேறுபாடு இது. மாமாவின் பெட்டிகளும் அவ்வாறே ஆயின. மச்சான் கடன் எடுத்தும் மாலையில் வேலை செய்தும் படித்துப் பட்டம் பெற்றார். பெட்டிகள் அடுக்கியபடியே கிடந்தன.

நிற்க, இன்றைய தலைமுறையின் வழக்கம் வேறு. 1991இல் தோன்றிய பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் படத்தின் மூலை, விளிம்பு, மேற்பரப்பு, நடுவமைவு ஆகியவற்றைச் சோதித்து, 10 வரை புள்ளி இட்டு, பிளாஸ்ரிக் பேழையில் அடைத்துக் கொடுக்கின்றன. பேழையிற் புகுந்த படத்தைப் பின்பு எவரும் தொடுவதில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் இதில் ஈடுபட, விலைகள் மலைபோல் உயர்ந்தன. 2021இல் விஸ்கொன்சின் மாநிலத்துக் கடை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் படவட்டை காரணமாக நடந்த அடிபிடியில் ஒருவர் துப்பாக்கியை எடுக்கும்வரை விடயம் முற்றியது.

மச்சானின் மகனுக்கு இப்போது 12 வயது. பிறர் பொட்டலம் பிரிப்பதைத் தொலைபேசித் திரையில் மணிக்கணக்காகப் பார்ப்பான். என்னிடமுள்ள படத்தைத் திரைவழி காட்டியபோது அவன் கேட்ட முதற் கேள்வி, “மாமா, மூலைகள் எப்படி இருக்கு?” என்பதே. விலைகள் அவனுக்கு மனப்பாடம். வீரர்களின் ஆட்டக் கணக்கும் அவ்வாறே. அறிவிற் குறைவில்லை. ஆனால் தன் வயதுத் தோழன் ஒருவனோடு ஒரு படத்தையேனும் அவன் மாற்றிக்கொண்டதில்லை.

அவனைக் குறைகூற எனக்கு மனமில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 2024ஆம் ஆண்டு நத்தார்ப் பரிசாகக் கிடைத்த பொட்டலத்தில், போல் ஸ்கீன்ஸ் என்னும் வீரரின் கையொப்பமும் அவர் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் துணுக்கும் பதித்த ஒரேயொரு படம் இருந்தது. அவரும் வாக்னர் ஆடிய பிற்ஸ்பேர்க் அணியினரே. படத்தைத் தந்தால் 30 ஆண்டுகளுக்கு இரண்டு ஆசனம் தருவதாக அணியினர் கூறினர். குடும்பத்தார் அதனை ஏலத்தில் விட, 2025இல் 11 இலட்சத்து 10 ஆயிரம் டொலர் கிடைத்தது. ஒரு பிள்ளையின் எதிர்காலத்துக்கு உதவும் அத்தொகையை வேண்டாம் என்று சொல்ல எந்தப் பெற்றோரால் இயலும்? ஆனால் அத்தகைய அதிர்ஷ்டம் ஒருவனுக்கு. அதனை எதிர்பார்த்துப் பொட்டலம் பிரிப்போரோ பல்லாயிரவர்.

இவ்விடத்தில் ஜெபர்சன் பேர்டிக் என்பவரை நினைக்கிறேன். நியூயோர்க் மாநிலத்துச் சிரகியூஸ் நகரில் மின்கருவித் தொழிலாளியாக இருந்தவர். மூட்டு வாதத்தால் வருந்தியவர். 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் சேர்த்து, நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்கு இலவசமாகக் கொடுத்தார். வாக்னரின் படத்துக்குத் தம் பட்டியல் நூலில் அவர் இட்ட மதிப்பு 50 டொலர். விரல்கள் மடங்காத நிலையிலும் நூதனசாலையில் இருந்து ஒவ்வொன்றாக ஏடுகளில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலை முடிந்தது. மார்ச்சில் அவர் காலமானார். பசை தடவி ஒட்டிய படத்துக்குப் புள்ளி குறையும் என்று இன்றைய சேகரிப்பாளர் நடுங்குவர். பிறர் பார்க்க வேண்டும் என்பதே அவருக்குப் பெரிதாயிருந்தது.

மாமா ஈராண்டுக்கு முன் காலமானார். சென்ற மாரியில் மச்சானும் மகனுமாகப் பெட்டிகளுள் ஒன்றைப் பிரித்தார்கள். விற்க முடியாத படங்கள் ஆதலால் பையன் அவற்றை அச்சமின்றித் தொட்டான். “இவர் யார்? இவர் நல்லா விளையாடினவரா?” என்று தந்தையைக் கேட்டுக்கொண்டே இருந்தானாம். தொழிற்சாலையிலிருந்து விடியற்காலையில் வரும் பேரனாரைப் பற்றியும் அன்று அவனுக்குச் சொல்ல நேர்ந்ததென மச்சான் எழுதினார். அவர் எழுதிய கடிதத்துள் பையன் தன்னிடம் இரண்டாக இருந்த மூன்று படங்களை என் மகளுக்கென்று வைத்திருந்தான். அவள் தன் முத்திரை ஏட்டைப் புரட்டி, நெடுநேரம் யோசித்து, தனக்கு மிகப் பிடித்த மூன்றைப் பதிலுக்கு எடுத்து வைத்தாள். இரண்டாக உள்ளவற்றைக் கொடுத்தால் போதாதோ என்று கேட்டேன்.

“அவர் அனுப்பினது பழசு அப்பா, மாமாத் தாத்தா வாங்கினது” என்றாள்.

சந்தைக்கு அவற்றின் விலை தெரியும். பிள்ளைகளுக்கு அவற்றின் பெறுமதி தெரிந்திருந்தது.