பேசாமலே கிடைக்கும் காபி

சீனா என்றால் தேநீர்தான் என்று நினைத்துக்கொண்டு ஷாங்காய் போனால் ஆச்சரியப்படுவீர்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 8,000-க்கும் அதிகமான காபிக் கடைகள். ஒரு பக்கம் 2017-இல் ஸ்டார்பக்ஸ் திறந்த, சுமார் 2,700 சதுர மீட்டர் பரப்புள்ள பிரம்மாண்டமான கடை. இன்னொரு பக்கம் 2015-இல் வெறும் 2 சதுர மீட்டர் இடத்தில் தொடங்கிய 'மேனர்'. சொந்தக் கோப்பை கொண்டுபோனால் அங்கே 5 யுவான் குறைத்துக்கொள்வார்கள்.

வேலைக்காகச் சில மாதங்கள் அங்கே இருந்தேன். எனக்குச் சீன மொழி தெரியாது. காபி வாங்க அது தேவைப்படவும் இல்லை. 'லக்கின்' போன்ற கடைகளில் கைப்பேசியிலேயே ஆர்டர் செய்து, பணமும் கட்டி, கோப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கூச்சப்படுகிற ஆளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யோங்காங் சாலையில் 2020 டிசம்பரில் திறந்த ஒரு கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு சுவர், அதில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுத்தால், கரடிக் கையுறை போட்ட ஒரு கை காபியை வெளியே நீட்டும். உள்ளே காபி போடுகிறவர்கள் காது கேளாதவர்கள். வாடிக்கையாளர் வாய்திறந்து சொல்லத் தேவையில்லாததால், அந்த வேலையை அவர்கள் தடையில்லாமல் செய்ய முடிகிறது.

அதே கைப்பேசி அவர்களுக்கு ஒரு கதவு. காதும் வாயும் நன்றாக இருக்கிற எனக்கு, அது ஒளிந்துகொள்ளும் இடம்.

அதற்குப் பிறகு, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்னக் கடையில் வாயால் கேட்க ஆரம்பித்தேன். லாட்டேக்குச் சீன மொழியில் 'நாதியே' என்று பெயர். 'ஈ பெய் நாதியே' என்றால் ஒரு கோப்பை லாட்டே. என் உச்சரிப்பைக் கேட்டு, காபி போடும் பெண் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே திருத்தியும் சொன்னார். ஒரு மாதத்தில் 'சூடாகவா, ஐஸ் போட்டா?' என்று அவர் கேட்பது எனக்குப் புரிந்தது.

நம்மில் பலர் பாட்டியிடம், அம்மம்மாவிடம் தமிழில் பேசக் கூச்சப்படுகிறோம். சிரிப்பார்களே என்ற பயம். அதனால் அம்மாவையோ அப்பாவையோ நடுவில் வைத்தே பேசிப் பழகிவிட்டோம். அவர்கள் சிரிப்பார்கள்தான். ஆனால் அந்தச் சிரிப்போடு சேர்ந்துதான் சரியான சொல்லும் வரும்.

அடுத்த முறை வீடியோ அழைப்பில் பாட்டி வரும்போது, போனை அம்மாவிடம் கொடுப்பதற்கு முன்னால், 'சாப்பிட்டீங்களா?' என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.